கண்டும் காணாமல்: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஐந்து நாள்

ஜனவரி 23, 2025, வியாழன். சேலம்

சித்தி மகள் சேலத்தில் வீடு கட்டிக் குடிபோகிறாள். நாளைக் காலை கிரகப்பிரவேசம். அதற்காக மாயவரத்திலிருந்து நானும் அம்மாவும் வந்திருக்கிறோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏற்காட்டைப் பார்க்காமல் போவதா என்று கேட்டது அம்மாதான். எழுபத்தொரு வயதில் அவள் இதுவரை ஏறிய மலை என்றால் திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயில் ஒன்றுதான். எங்கள் ஊரில் ஆற்றங்கரையைவிட உயரமான மண் கிடையாது.

சாயங்காலம் சித்தி வீட்டுப் பிள்ளைகள் எங்களைத் தட்டுவடை செட் சாப்பிட அழைத்துப் போனார்கள். தெருவோரத் தள்ளுவண்டி, சுற்றிலும் ஆறேழு பிளாஸ்டிக் முக்காலிகள். நாங்கள் தட்டை என்று சொல்வதை இங்கே தட்டுவடை என்கிறார்கள். ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ஒன்றின் மேல் காரச் சட்னி, புளிப்பாக இன்னொரு சட்னி, துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடிக் கொடுக்கிறார்கள். கடித்துச் சாப்பிடக் கூடாதாம், முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். போட்டேன். மொறுமொறுப்பும் புளிப்பும் பச்சைக் காய்கறியின் ஈரமும் ஒன்றாக உடைகிற அந்த நொடிக்காகவே சேலத்துக்கு வரலாம்.

அம்மாவுக்கு மேல் வரிசை பல்செட். போன தீபாவளிக்கு அப்புறம் கட்டியது. கெட்டியாக எதையும் கடிக்க முடியாது, அதை வெளியில் சொல்லவும் அவளுக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வருகிறவர்கள் முறுக்கு கொடுத்தால் "விரதம்" என்பாள். இன்று எப்படியோ வாசனையில் மறந்துவிட்டாள் போல. முதல் செட்டை வாயில் போட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கை கன்னத்துக்குப் போனது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினாள். நான் எழுந்து போவதா, போனால் இன்னும் கூச்சப்படுவாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கடைக்கார அக்காவின் குரல் கேட்டது.

"அம்மா, செட்டு எல்லாக் கடையிலயும் போடுவாங்க. நம்ம கடையில நொறுக்கல்தான் நல்லா இருக்கும். அதைச் சாப்பிட்டுப் பாருங்க."

சொல்லிக்கொண்டே நாலைந்து தட்டுவடையைக் கைக்குள் வைத்து நொறுக்கினாள். சட்னியைத் தாராளமாக ஊற்றி, காய் போட்டுக் கிளறினாள். உடனே கொடுக்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு நொறுக்கல் போட்டதைப் பார்த்திருந்தேன், அவர்களுக்குக் கிளறிய கையோடு கொடுத்தாள். அம்மாவுடையது மட்டும் ஊறியது. அப்புறம் ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தட்டைக் காலி செய்தாள். தட்டு 40 ரூபாய்.

திரும்பி வரும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவ பார்த்துட்டாடி."

"யாரு?"

"அந்தக் கடைக்காரப் பொண்ணு. பார்த்துட்டுத்தான் பார்க்காத மாதிரி இருந்தா."

எங்கள் வீட்டில் "கண்டும் காணாமல்" என்பது திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல். கல்யாண வீட்டில் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கிடப்பதைத் தாண்டிப் போனால், "கண்டும் காணாத மாதிரி போறான் பாரு" என்பாள் அம்மா. இன்று அதே சொல்லை அவள் வேறு குரலில் சொன்னாள். தூக்கம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி. சேலம்

விடியற்காலையில் பால் காய்ச்சினார்கள். பசுமாடு புது வீட்டு டைல்ஸ் தரையில் கால் வைக்க மறுத்து வாசலிலேயே நின்றது. கோணியை விரித்த பிறகுதான் உள்ளே வந்தது. மற்றபடி எல்லாம் நல்லபடியாக நடந்தது.

பந்தியில் ஒரு சின்ன விஷயம். எதிர் வரிசையில் முன்பின் தெரியாத ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று என்னைப் பார்த்தபடி தன் வலது கன்னத்தைத் துடைத்தார். சுத்தமான கன்னம். எனக்கு விளங்கிவிட்டது, என் கன்னத்தில் பாயசம். துடைத்துக்கொண்டேன். அவர் தலையைக் கொஞ்சம் அசைத்து, இப்போது தன் இடது கன்னத்தைத் துடைத்தார். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம் இல்லையா, அவருடைய வலது எனக்கு எந்தப் பக்கம் என்று நான் தடுமாறிவிட்டேன். சரியாகத் துடைத்த பிறகு அவர் தன் இலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிரிக்கக்கூட இல்லை. பேருந்தில் முந்தானை விலகிய பெண்ணைப் பார்த்து இன்னொரு பெண் தன் தோளைச் சரிசெய்துகொள்வதும் இதே மொழிதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை.

மத்தியானம் செவ்வாப்பேட்டை போனோம். சித்தி மகளின் குழந்தைக்குக் கொலுசு வாங்க வேண்டும். சேலத்துக்கு வந்து வெள்ளிக் கொலுசு வாங்காமல் போக அம்மாவுக்கு மனம் வராது. ஒரு ஜோடிக் கொலுசு கடைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை கை மாறுகிறது என்று கடைக்காரர் சொன்னார். வெள்ளியை உருக்குவது ஒருவர், கம்பியாக இழுப்பது இன்னொருவர், வளையம் கோத்துப் பற்றவைப்பது வேறொரு வீடு, சலங்கை வைப்பதும் மெருகு போடுவதும் இன்னும் வேறு வேறு வீடுகள். பல வீடுகளில் பெண்கள் சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. கிராம் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதால் வாங்குகிறவர்கள் எடை குறைவானதைக் கேட்கிறார்களாம். எடை குறையக் குறையக் கம்பி மெலிகிறது, பற்றவைக்கக் கண் வலிக்கிறதாம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "பழசு எடுத்துக்குவீங்களா அண்ணா?" என்று கேட்டாள். கடைக்காரர் "எடுத்துக்கலாம்மா, உட்காரு" என்றார். அவள் பையிலிருந்து எதையோ எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, காலில் போட்டிருந்த கொலுசின் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கடைக்குள் கடைக்காரர், எடை போடும் பையன், டீ கொண்டுவந்தவர், இன்னொரு வாடிக்கையாளர் என்று நாலு ஆண்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் "இந்த வெயிலு தை மாசம் அடிக்கிற வெயிலா இது" என்றார். டீ கொண்டுவந்தவர் "ஆமாண்ணே" என்றார். திருகாணி இறுகிப்போயிருந்தது, நேரமானது. அவ்வளவு நேரமும் அவர்கள் வெயிலைப் பற்றியே பேசினார்கள். அம்மாவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி வெளிறிப்போன தடம். அதை அவள் விரலால் தேய்த்ததையும் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

அதிலிருந்து மனது சரியில்லை. எதையும் கூர்ந்து கவனிப்பது நல்ல பழக்கம் என்று நினைத்துத்தான் இப்படி நோட்டு வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பயணத்தில் மனிதர்களைப் பார்ப்பதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் அந்தக் கடையில் படிக்காத பையன்கூட அறிந்திருந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. அவள் எவ்வளவு வாங்கிக்கொண்டு போனாள், போகும்போது முகம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 25, சனி. ஏற்காடு

காலையில் பேருந்து. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். 1930களில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. இப்போது அந்த முகப்பு வளைவுதான் மிச்சம். சின்ன வயதில் சினிமாக் கொட்டகையில் அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததை அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். நடத்துநரும் நின்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு கிழித்தார்.

அடிவாரம் தாண்டியதும் மலைப்பாதை. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. எங்களுக்கு முன் இருக்கைகளில் கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர். ஏறியதிலிருந்து ஒரே பாட்டும் கூச்சலும். அவர்களில் நல்ல உயரமாக, கட்டுமஸ்தாக இருந்தவன்தான் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டிருந்தான். ஏழாவது வளைவில் அவன் குரல் நின்றது. ஒன்பதாவது வளைவில் ஜன்னலுக்கு எட்டாமல் காலடியிலேயே வாந்தி எடுத்துவிட்டான்.

இப்போது பார், இத்தனை நேரம் கேலி செய்ததற்குப் பழிவாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பாட்டை நிறுத்தினார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினான், திரும்பிப் பார்க்காமலே. இன்னொருவன் செய்தித்தாளைப் பிரித்துத் தரையில் போட்டான். பக்கத்து இருக்கையில் கூடையோடு உட்கார்ந்திருந்த மலைக்காரப் பாட்டி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவன் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வா கண்ணு." அவ்வளவுதான். பாட்டி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனை பேருக்கு இப்படி எலுமிச்சை கொடுத்திருப்பாரோ, கூடையில் இன்னும் நாலைந்து இருந்தன.

நடத்துநர் மட்டும் பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னார்: "போனைப் பார்க்காதீங்க, முன்னாடி ரோட்டைப் பாருங்க." அதில் விஷயம் இருக்கிறது. காதுக்குள் இருக்கிற ஓர் உறுப்பு உடம்பு வளைந்து திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. கண் அசையாத போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் "ஒன்றும் அசையவில்லை" என்று சொல்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு கலங்குகிறது. வளைவு வருவதை முன்கூட்டியே பார்க்கிற ஓட்டுநருக்குத் தலைசுற்றுவது அபூர்வம். அதற்கப்புறம் வந்த வளைவுகளில் பேருந்து மெதுவாகத் திரும்பியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

மேலே இறங்கியதும் ஒரு வேடிக்கை. ஊருக்குக் கொண்டுபோக நேற்று வாங்கிய தட்டுவடைப் பொட்டலம் பைக்குள் பலூன் மாதிரி உப்பியிருந்தது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்றின் அழுத்தம் குறைவு, பொட்டலத்துக்குள் அடைபட்ட சேலத்துக் காற்று கைகால் நீட்டிக்கொள்கிறது. அம்மா அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

சந்தோஷம் அத்தோடு முடிந்தது. ஒரு வாரம் முன்பே போனில் பேசி வைத்திருந்த விடுதியில் அறை இல்லை என்றார்கள். நாளை குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். யாரோ அதிகம் கொடுத்திருப்பார்கள். மேசையில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்தபடியே "ஃபுல்" என்றார். பேசிய தேதியைச் சொன்னேன். "ஃபுல்லுங்க." அம்மா படிக்கட்டில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. அந்த மனிதர் ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் அவளைப் பார்த்திருப்பார். பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்று தெரிந்துதான் நிமிரவில்லை என்று நினைக்கிறேன்.

எதிரே டீக்கடை. கடைக்காரர் எங்களைக் கேள்வியே கேட்கவில்லை. "முதல்ல அம்மாவை உட்கார வைங்க" என்று பெஞ்சைத் துடைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் யாருக்கோ போன் செய்து, தெரிந்தவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்துக்கொடுத்தார். நாளுக்கு 1,200 ரூபாய், காலையில் ஒரு வாளி வெந்நீர். டீ 15 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது.

கம்பளிக்குள் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது இப்போது கொஞ்சம் தெளிகிறது. "கண்டும் காணாமல்" என்ற சொல்லில் "கண்டும்" முதலில் வருகிறது. தட்டுவடைக் கடை அக்கா கண்டாள், அப்புறம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டபடியே செய்ய வேண்டியதைச் செய்தாள். எலுமிச்சம்பழப் பாட்டியும் அப்படித்தான். விடுதிக்காரர் காணவே இல்லை. அம்மா ஊரில் திட்டுவதெல்லாம் இந்த இரண்டாவது ரகத்தைத்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், அது நியாயமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. ஏற்காடு

காலையில் பக்கத்துப் பள்ளியில் கொடியேற்றினார்கள். மூடுபனியில் கொடி கண்ணுக்குத் தெரியவில்லை, பிள்ளைகள் பாடுவது மட்டும் கேட்டது. மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண் அம்மாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கார அக்கா தன்னை மலையாளி என்று சொன்னதும் அம்மா "கேரளாவில் எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டாள். அக்கா கோபப்படவில்லை, பழகியிருப்பார் போல. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி, பேசுவது தமிழ், முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். சேர்வராயன் கோயிலுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். "எங்க சாமி. பார்க்காம போகாதீங்கம்மா."

முதலில் ஏரி. கூட்டம் என்றால் கூட்டம். படகுக்கு வரிசையைப் பார்த்துவிட்டு அம்மா வேண்டாம் என்றாள். மிளகாய் பஜ்ஜி இரண்டு 30 ரூபாய், அம்மாவுக்கு மெத்தென்று வாழைக்காய் பஜ்ஜி.

பகோடா பாயின்ட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மனிதர்கள் குனிவதை. ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்கிறது. எடுக்கிறவருக்கும் அவர்களுக்கும் நடுவே பாதை. கடந்து போகிற ஒவ்வொருவரும் குனிந்து ஓடுகிறார்கள். தலையில் பலாப்பழ அளவுக்கு மூட்டை வைத்திருந்த ஒருவர்கூட முழங்காலை மடக்கிப் போனார். குனிந்தால் மட்டும் படத்தில் விழாமல் இருப்பார்களா என்ன, இடுப்பளவு தெரியத்தான் செய்யும். நானே வீட்டில் தொலைக்காட்சிக்கும் அப்பாவுக்கும் நடுவே இப்படித்தான் குனிந்து ஓடியிருக்கிறேன். உங்கள் நேரத்துக்குள் நான் நுழைந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று முதுகு சொல்கிறது. அதற்காகத்தான் அந்தக் குனிதல் என்று தோன்றுகிறது.

கோயிலுக்கு வழி கேட்டோம். "கூப்பிடு தூரந்தான்" என்றார் ஒருவர். ஆட்டோ பிடித்துப் போனதில் அந்தக் கூப்பிடு தூரம் நல்ல நீளம். ஆட்டோக்கார தம்பி சொன்னார், இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்குக் கூப்பிட்டால் கேட்கும், நடுவில் பள்ளம் என்பதால் போய்ச் சேரத்தான் நேரமாகும் என்று. சமவெளிக்காரியான எனக்கு அந்தச் சொல்லே இன்றுதான் விளங்கியது.

போகும் வழியெல்லாம் காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடி, அந்த மரங்களின் மேலேயே மிளகுக்கொடி. இப்போது அறுவடையின் கடைசிக் காலம். களத்தில் காப்பிப் பழத்தைக் காயவைத்து ஓர் அம்மா காலால் அளைந்துகொண்டிருந்தார். சுற்றுலா வந்த குழந்தைகள் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு ஓடின. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கத்தை அளையப் போனார். குழந்தைகளின் அப்பா வந்து திட்டிப் பிடுங்கித் திரும்பக் கொட்டினார். அந்த அம்மா எதற்கும் திரும்பவில்லை.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மேலே போனால் மைதானம் மாதிரி விரிந்த சமதளம், காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். காவேரி என்ற பெயரைப் பூசாரி சொன்னதும் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊர் துலாக்கட்டத்தில் ஐம்பது வருஷம் ஐப்பசிக்கு ஐப்பசி முழுகியவள். இவ்வளவு உயரத்தில், ஈரப் பாறைக்கு நடுவில் அந்தப் பெயரை எதிர்பார்க்கவில்லை. அவள் தோள் அசைவதைப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன். கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன். எங்களுடையதை மட்டுமில்லாமல் அங்கே கிடந்த எல்லாவற்றையும். அம்மா வந்ததும் "ஆரஞ்சு வாங்கலாமா?" என்றாள். வாங்கினோம். மலை ஆரஞ்சு, தோல் தளர்ந்து, புளிப்பு தூக்கலாக இருந்தது. கிலோ 80.

இருட்டுகிற நேரத்தில் அறைக்கு நடந்து வரும்போது தோட்டத்து வேலியோரம் ஒரு காட்டெருமை. நான் பார்த்த எந்த மாட்டையும்விட இரண்டு மடங்கு. கால் நாலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருந்தது. என் கை தானாகப் போனை எடுத்தது. காவல்கார அண்ணன் ஒருவர் எதிரே வந்தார். "நின்னு வேடிக்கை பார்க்காதீங்கம்மா. ஓரமா நில்லுங்க, அது பாட்டுக்குப் போயிரும்." போனை உள்ளே வைத்தேன். மூன்று பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் செடி விலகுகிற சத்தம். நிமிர்ந்தபோது அது இல்லை.

ஜனவரி 27, திங்கள். இறங்குதல்

காலையில் கால் கிலோ மிளகு 200 ரூபாய்க்கும், அரைக் கிலோ காப்பித்தூள் 350 ரூபாய்க்கும் வாங்கினோம். டீக்கடைக்காரரிடம் விடைபெறப் போனால், டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். ஒரு பொட்டலம் மிளகை பெஞ்சில் "மறந்து" வைத்துவிட்டு வந்தாள் அம்மா. பேருந்து நிலையம் வருவதற்குள் ஒரு பையன் ஓடி வந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மத்தியானப் பேருந்தில் கூட்டம் இல்லை. மூன்று பேர் இருக்கையில் அம்மா நடுவில், நான் இந்தப் பக்கம். ஜன்னலோரம் ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயது, மடியில் பெரிய பை. பேருந்து கிளம்பும்போது போனில் பேசிக்கொண்டிருந்தாள். இருபதாவது வளைவுப் பலகை வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழுகிறவர்களுக்கு மூச்சு மட்டும் விட்டு விட்டு வரும். அது கேட்டது.

நான் பலகைகளை எண்ணினேன். பதினெட்டு. பதினேழு. பதினாறு. முந்தாநாள் ஏறும்போது வளர்ந்த எண் இப்போது குறைந்துகொண்டே வந்தது. நடத்துநர் எங்கள் இருக்கைக்கு வந்தார், அவளைப் பார்த்தார், "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று முன்னால் போய்விட்டார். பன்னிரண்டாவது வளைவில் அவளுடைய பை சரிந்தது. அம்மா கண்ணை மூடியபடியே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கீழே வர வர வெயில் ஏறியது, காது அடைத்துத் திறந்தது. அடிவாரத்தில் வண்டி நின்றபோது அந்தப் பெண் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். அம்மா என் பையிலிருந்து தட்டுவடைப் பொட்டலத்தை எடுத்தாள். மலையில் உப்பியிருந்தது இப்போது பழையபடி வற்றியிருந்தது. அதைப் பிரித்து, சாலையைப் பார்த்தபடியே, அவள் பக்கம் நீட்டினாள்.

"நீ சாப்பிடும்மா. ஆசையா வாங்கிட்டேன், எனக்கு மேல் வரிசை பூரா கட்டுன பல்லு. கடிக்க முடியாது."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் இரண்டு எடுத்துக்கொண்டாள். அஸ்தம்பட்டி வரும்வரை கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.